வில்லில் ஏறிய சொல்: லால்குடி ஜெயராமனின் வயலின்

கச்சேரியில் பாடகர் மூச்சு வாங்கும் இடம் வயலினுடையது. அந்த ஓரிரு வினாடிக்குள் ராகம் அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பாடகர் விட்ட கார்வையை ஏந்திக்கொண்டு, அவர் மறுபடி வாய் திறக்கும்போது அதை அவரிடமே ஒப்படைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். அடுத்த பிடி எங்கே போகும் என்பது வயலின்காரருக்குத் தெரியாது. ஆலாபனையின் நடுவில் பாடகருக்கே தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒத்திகை கிடையாது, எழுதிவைத்த தாளும் கிடையாது. இப்படி மூன்று மணி நேரம்.

இந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பக்கவாத்தியம். ‘பக்கம்’ என்பது முதலில் மேடையில் உட்காரும் இடத்தைத்தான் குறித்திருக்க வேண்டும். நாளடைவில் அது மதிப்பின் பெயராகவும் ஆகிவிட்டது. சுவரொட்டியில் எழுத்து சிறிது, சன்மானம் குறைவு. பழைய ஒலிப்பதிவுகளில் பாடகர் பெயர் இருக்கும். வயலின் யார் என்பதை வாசிப்பைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

லால்குடி ஜெயராமன் (1930–2013) பெயர் எழுதாத பதிவிலும் சில நிமிடங்களுக்குள் அடையாளம் தெரிந்துவிடும் வயலின்காரர். தனிக் கச்சேரி, வயலின்–வேணு–வீணை என்ற மூவர் சேர்க்கை, தில்லானாக்கள், வர்ணங்கள், தேசிய விருது பெற்ற திரையிசை என்று அவரைப் பற்றிப் பேசப் பல வாசல்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் வேர் அவர் பிறருக்கு வாசித்த ஆண்டுகளில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பாடுபவரைக் கேட்டுக் கேட்டு, பாட்டின் சொல்லைத் தன் வில்லுக்கு ஏற்றிக்கொண்டவர் அவர்.

திருச்சிக்கு வடகிழக்கே, கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் இருக்கிறது லால்குடி. பழம்பெயர் திருத்தவத்துறை. சப்தரிஷீஸ்வரரும் ஸ்ரீமதி அம்மனும் கோயில் கொண்ட ஊர். தியாகராஜர் இங்கு வந்து பாடிய ஐந்து கீர்த்தனைகளை லால்குடி பஞ்சரத்தினம் என்பார்கள். தோடி, கல்யாணி, காம்போதி, பைரவி, மத்யமாவதி என்று ஐந்தும் கனமான ராகங்களில் அமைந்தவை. மத்யமாவதிக் கீர்த்தனையில் தவத்துறை என்ற பெயர் அப்படியே வடமொழியில் தபஸ்தீர்த்தபுரமாக நிற்கிறது. தியாகராஜரின் சீடர்களில் ஒருவர் லால்குடி ராமய்யர். அவருடைய வழியில், லால்குடிக்கு அருகிலுள்ள இடையாற்றுமங்கலத்தில் 1930 செப்டம்பர் 17 அன்று ஜெயராமன் பிறந்தார். தகப்பனார் வி. ஆர். கோபாலய்யரே குருவும்கூட. வேறு ஆசிரியரிடம் அவர் போகவில்லை.

வயலின் நம் வாத்தியமாக வயது இருநூறுக்குச் சற்றே கூட இருக்கும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் அதைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரசவைக்குக் கொண்டுசென்றார். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். ஆனால் அரசரின் ஆதரவு மட்டும் ஒரு வாத்தியத்தை இன்னொரு நாட்டு இசைக்குள் வேர்விடச் செய்துவிடாது. மேலை இசைக்காரர் வயலினை மோவாய்க்கும் தோளுக்கும் இடையில் நிறுத்துகிறார். நம்மவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, அடிப்பாகத்தை மார்பில் சாய்த்து, தலைப்பாகத்தை வலது கணுக்காலில் ஊன்றிக்கொண்டார். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு முற்றிலும் இல்லாமல் போயிற்று. அதற்குப் பின் அந்தக் கை தந்தியின் மேல் ஏறவும் இறங்கவும் தடையில்லை. கமகம் பிறக்க இந்த விடுதலைதான் வழிசெய்தது. தந்திகளும் மாறின. மேலை முறையில் நான்கும் ஐந்தைந்து சுர இடைவெளியில் சேர்க்கப்படும், இங்கே ச–ப–ச–ப. சுருதியும் பாடுபவரைப் பொறுத்தது. இன்று ஒருவருக்குத் தந்தியைத் தளர்த்தி வாசிப்பவர் நாளை இன்னொருவருக்கு முறுக்கி வாசிக்க வேண்டும். தந்தியின் இறுக்கம் மாறினால் விரலின் அழுத்தமும் வில்லின் எடையும் மாற வேண்டும். பாடகருக்குத் தம் சொந்தக் குரல் ஒன்றே. வயலின்காரர் ஒவ்வொரு கச்சேரிக்கும் தம் குரலைப் புதிதாகச் செய்துகொள்கிறார்.

லால்குடி ஜெயராமனுக்கு முன்பே பெரியவர்கள் இருந்தார்கள். செம்மங்குடி சீனிவாச ஐயரின் தாய்மாமன் திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, பாப்பா வெங்கட்ராமய்யா என்று அந்த வரிசை நீளும். விஜயநகரத்து துவாரம் வெங்கடசாமி நாயுடு பார்வை மங்கிய நிலையிலும் தனி வயலின் கச்சேரிக்கு மதிப்பைத் தேடித் தந்தார்; 1941-இல் சங்கீத கலாநிதி ஆனார். மைசூர் சௌடையா கூடுதலாக மூன்று தந்திகள் கட்டி ஏழு தந்தி வயலினை வாசித்தார். அந்த ஏழு தந்திக்குக் காரணம், ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற தேவை. பெங்களூரில் வயலின் வடிவிலேயே கட்டப்பட்ட சௌடையா நினைவு அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சௌடையாவின் தேவை லால்குடிக்கு இல்லை. அவர் மேடையேறிய காலத்தில் ஒலிபெருக்கி சபாக்களில் நிலைத்துவிட்டிருந்தது. அதைக் கர்நாடக இசைக்கு நேர்ந்த கேடாகக் கருதியவர்கள் உண்டு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கி வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவர்; அவருடைய கவலையில் நியாயமும் இருந்தது. ஆனால் லால்குடியின் வயலினைப் பற்றிப் பேசும்போது ஒலிபெருக்கிக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். மெல்லிய வில், தந்தியைத் தொட்டும் தொடாமலும் போகும் இழைப்பு, ஒரு சுரத்தின் வாலில் மட்டும் கேட்கும் சிறு நடுக்கம் ஆகியவை ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் மூன்றாம் வரிசையைத் தாண்டியிருக்காது. ஓங்கி ஒலிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து வயலின் விடுபட்ட தலைமுறையில் அவர் வந்தார். அந்த விடுதலையை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதில் அவர் பெருமை இருக்கிறது.

கோபாலய்யரின் பாடமுறை கண்டிப்புக்குப் பேர்போனது. மணிக்கணக்கில் சாதகம். வாத்தியத்துக்கு அடித்தளம் வாய்ப்பாட்டு என்பது அவர் கொள்கை: பாடத் தெரியாத சங்கதியை வாசிக்கக் கூடாது. இந்த ஒரு விதியிலிருந்துதான் பின்னால் ‘லால்குடி பாணி’ என்று பெயர் பெற்றது முளைத்தது என்று நான் கருதுகிறேன். வயலினுக்கு எளிதாக வரும் காரியங்கள் பல உண்டு. தந்தி தாண்டி ஒரே வீச்சில் மூன்று ஸ்தாயிக்கும் போய்வரலாம். வில்லைத் துள்ளவிட்டுக் கைதட்டல் வாங்கலாம். குரலால் செய்ய முடியாத அவற்றைச் செய்து காட்டும் ஆசை எந்த வயலின்காரருக்கும் வரும். பாடக் கூடியதை மட்டுமே வாசிப்பது என்று ஒருவர் தம்மைக் கட்டிக்கொண்டால் அந்த ஆசைகள் அடங்கி, வேறு கேள்விகள் எழும். ‘கா’ என்ற நெடிலுக்கும் ‘க’ என்ற குறிலுக்கும் வில்லில் என்ன வேறுபாடு? வல்லினத்தில் தொடங்கும் சொல்லையும் மெல்லினத்தில் தொடங்கும் சொல்லையும் தந்தி எப்படிப் பிரித்துச் சொல்லும்?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வயலின்காரர் வில்லை ஒரு பக்கமாக இழுத்து, பிறகு எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறார். திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒலியில் மிக நுண்ணிய ஒரு வெட்டு விழுகிறது. அந்த வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பெரும்பாலும் வில்லின் நீளமும் தாளமுமே முடிவு செய்துவிடும். அப்படி வாசித்தால் சுரங்கள் சரியாக இருந்தும் கீர்த்தனையின் சொற்கள் காணாமல் போகும். சொல்லின் நடுவில் வெட்டு விழுந்து அடுத்த சொல்லின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். லால்குடியின் வாசிப்பில் வில் திரும்புவது சாகித்தியத்தின் அசையை ஒட்டி. நெடில் ஒரே வில்லில் தொடர்கிறது. வல்லினத் தொடக்கத்தில் வில் சற்றே கடிக்கிறது. மெல்லினத்தில் வழுக்கி இறங்குகிறது. தெரிந்த கீர்த்தனை ஒன்றை அவர் வாசிக்கும்போது கேட்பவர் தம்மையறியாமல் சொற்களை முணுமுணுக்கத் தொடங்குவது இதனால்தான். சொல் இல்லாத வாத்தியம் சொல்லை நினைவூட்டுகிறது என்பதோடு இது நிற்கவில்லை. சொல்லைப் பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்காமல் பாடுகிற பாடகர்களுக்கே அந்த வயலின் பாடம் சொல்லக்கூடியது.

பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராக மேடையேறினார். 1950கள் முடிவதற்குள் அவர் வாசிக்காத முன்னணிப் பாடகர் இல்லை என்று சொல்லும்படி ஆயிற்று: அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி, மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள், புல்லாங்குழல் மாலி. பெயர்களை வரிசையாகப் படித்துக் கடந்துவிடுவது எளிது. இவர்களில் எந்த இருவரும் ஒரே இசையைப் பாடியவர்கள் அல்லர் என்பதை மனத்தில் வைத்தால்தான் ஓர் இளைஞரின் கையில் விழுந்த பாரம் புரியும்.

அரியக்குடியின் கச்சேரி மத்யம காலத்தில் நடை போடும். ஆலாபனை அளவானது, தேவைக்கு மேல் ஒரு பிடியும் கிடையாது. அங்கே வயலின் நீட்டினால் கச்சேரியின் நடையே கெடும். செம்மங்குடி ஒரு பிடியை எடுத்துக்கொண்டு அதையே பல கோணங்களில் பிசைவார். கமகத்தின் கனம் குறைந்தால் பதில் சொன்னதாகவே ஆகாது. மதுரை மணி ஐயரின் கல்பனாஸ்வரங்கள் சர்வலகுவில் ஓடும். கணக்கு வெளியே தெரியாது, ஆனால் ஒரு நூலிழைகூடத் தாளம் பிசகாது. அவருக்கு வாசிக்கும் வயலின்காரர் கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாதவராகவும் இருக்க வேண்டும். ஆலத்தூர் சகோதரர்கள் இதற்கு நேர் எதிர்: பல்லவியில் லயத்தின் கடினமான கணக்குகளையெல்லாம் மேடையில் அவிழ்ப்பார்கள். அவர்கள் முடிக்கும் கோர்வையை ஒருமுறை கேட்டதும் திருப்பித் தர வேண்டும். மாலியோ எந்த இடத்தில் நிறுத்துவார், எங்கே தொடங்குவார் என்று கணிக்க முடியாத மேதை. அவர் விடும் மௌனங்களையும் வயலின் புரிந்துகொள்ள வேண்டும்.

ஜி. என். பி.யோடு அவர் வாசித்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். உயர்ந்த சுருதி, மின்னல் வேகப் பிருகா, அடுக்கடுக்காக விரியும் ராகக் கற்பனை இவை ஜி. என். பி.யின் இயல்பு. வேகத்தைத் தந்தியில் நகலெடுப்பது கடினமான காரியம்தான், என்றாலும் நல்ல பயிற்சியுள்ள பலரும் செய்வது. லால்குடி அந்த வேகத்துக்குள் இருந்த தெளிவைப் பிடித்தார்: எத்தனை விரைவில் போனாலும் ஒவ்வொரு சுரமும் முத்துப்போல் தனியாக விழும். பின்னாளில் அவருடைய தனிக் கச்சேரிகளில் ஆலாபனை கட்டப்படும் விதத்தில் ஜி. என். பி.யின் செல்வாக்கைக் காது உள்ளவர்கள் கேட்கலாம். அதே ஆலாபனையில் சற்று நேரம் கழித்து மதுரை மணி ஐயரின் நிதானமும் வரும். கேட்டவர்களிடமெல்லாம் அவர் கற்றுக்கொண்டார்.

அவருடைய பக்கவாத்தியப் பதிவுகளில் என்னை மிகவும் ஈர்ப்பது பாடகருக்கு அவர் சொல்லும் பதில் ஆலாபனைகள். பாடகர் பத்து நிமிடம் பாடியதற்கு வயலினுக்கு நான்கைந்து நிமிடம் கிடைக்கும். பாடியதையே சுருக்கித் திருப்பிச் சொல்வது ஒரு வழி. தமக்குத் தெரிந்த ராகத்தைத் தாம் நினைத்தபடி வாசித்துவிடுவது இன்னொரு வழி. லால்குடி இரண்டையும் செய்வதில்லை. பாடகர் தொட்டுவிட்டு வளர்க்காமல் போன ஒரு பிடியை எடுத்து, அதன் மேல் தம் ஆலாபனையைக் கட்டுகிறார். பாடகரின் பாணி கெடவில்லை. ஆனால் பாடகர் போகாத வழி ஒன்று திறந்துவிட்டது. அடுத்து கீர்த்தனையின் நிரவலில் பாடகர் அந்த வழியில் தாமே அடி எடுத்து வைப்பதைச் சில பதிவுகளில் கேட்கலாம். பக்கவாத்தியம் கச்சேரியின் போக்கை மாற்றுகிறது, பாடகரின் மரியாதைக்கு ஒரு குறையும் வராமல்.

1965-இல் எடின்பரோ விழாவுக்குப் பாடகர் கே. வி. நாராயணசாமி, பாலக்காடு மணி ஐயர் ஆகியோருடன் சென்றார். அவர் வாசிப்பைக் கேட்ட மேலை வயலின் மேதை யெஹூதி மெனுஹின் ஓர் இத்தாலிய வயலினை அவருக்குப் பரிசளித்தார். வயலின் பிறந்த நாட்டின் வாத்தியம், அதை வேறொரு மரபாக வளர்த்தவரின் கைக்கு வந்து சேர்ந்தது. இந்தச் செய்தி அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் முன்னால் வந்து நிற்கிறது. மேலைநாட்டார் ஒருவரின் பாராட்டை நாம் நம் காதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறோமோ என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

அடுத்த ஆண்டு, 1966-இல், புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன் இருவருடனும் வயலின்–வேணு–வீணை சேர்க்கையைத் தொடங்கினார். மூச்சு, வில், மீட்டு என்று ஒலி பிறக்கும் முறையே வேறுவேறான மூன்று வாத்தியங்கள். வீணையின் ஒலி மீட்டியவுடன் தேயத் தொடங்கும். வயலினின் ஒலி வில் இருக்கும்வரை வளரும். மூன்றுக்கும் பொதுவான சுருதி, பொதுவான வேகம், ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் தொடங்கும் ஒழுங்கு ஆகியவை கண்டாக வேண்டும். அந்த மேடையில் பக்கவாத்தியம் என்ற நிலை வயலினுக்கு இல்லை. மூவரும் முதன்மையானவர்கள், மூவரும் பிறருக்குத் துணை.

இயற்றியவராக அவர் அதிகம் விட்டுச்சென்றது தில்லானாவிலும் வர்ணத்திலும்தான். இது தற்செயல் அல்ல. தில்லானாவின் பெரும்பகுதி பொருளில்லாத ஜதிச் சொற்களால் ஆனது. அங்கே அசைகளின் மோதலும் எடையும் மட்டுமே இசையாகின்றன. வாழ்நாளெல்லாம் வில்லில் அசையைத் தேடியவருக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. ஆரோகணத்தில் மோகனமும் அவரோகணத்தில் கல்யாணியுமாக அமைந்த மோகனகல்யாணியில் அவர் செய்த தில்லானா இன்று வாய்ப்பாட்டு மேடை, பரதநாட்டிய மேடை இரண்டிலும் புழங்குகிறது. சாருகேசியில் பதவர்ணம், வலஜியிலும் நளினகாந்தியிலும் தான வர்ணங்கள், ஒன்பது சுவைகளுக்கு ஒன்பது ராகங்கள் அமைத்த நவரச பதவர்ணம் என்று அந்தப் பட்டியல் பெரிது. வர்ணம் என்றால் பயிற்சிக்கான உருப்படி என்ற எண்ணம் பலருக்கு உண்டு; அவருடைய வர்ணங்கள் ராகத்தின் சாரத்தைச் சில ஆவர்த்தனங்களில் பிழிந்து தருபவை. எழுபது வயதைக் கடந்தபின் ‘சிருங்காரம்’ படத்துக்கு இசையமைத்து, 2005-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதையும் பெற்றார்.

சகோதரி ஸ்ரீமதி பிரம்மானந்தம், மகன் ஜி. ஜே. ஆர். கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமி ஆகியோர் அவரோடு மேடையில் வயலின் வாசித்தவர்கள். குடும்பத்துக்கு வெளியே வயலினில் விட்டல் ராமமூர்த்தி போன்றவர்கள் அவரிடம் கற்றார்கள். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று, அவருடைய புகழ்பெற்ற மாணவர்களில் பாடகர்களும் இருப்பது: பாம்பே ஜெயஸ்ரீ, சாகேதராமன். பாட்டைப் பாடகர்களிடமிருந்து கேட்டுக்கொண்ட வயலின் அதைத் திரும்பப் பாடகர்களுக்கே கற்பித்தது.

டி. என். கிருஷ்ணன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகியோரோடு சேர்த்து அவரை வயலின் மும்மூர்த்திகளில் ஒருவர் என்பார்கள். கிருஷ்ணனின் நீண்ட, சலனமற்ற வில்லும், கோபாலகிருஷ்ணனின் ஒற்றை விரல் ஓட்டமும் தனித்தனிக் கட்டுரைக்கு உரியவை. யார் பெரியவர் என்ற வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. சொல்லை வயலினுக்குக் கொண்டுவந்ததில் லால்குடிக்கு இணை இல்லை என்பதில் ஐயமும் இல்லை. கோபாலகிருஷ்ணன் 2013 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு ஏப்ரல் 22 அன்று லால்குடியும் மறைந்தார்.

1972-இல் பத்மஸ்ரீ, 1979-இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 2001-இல் பத்மபூஷண். ராஜமாணிக்கம் பிள்ளையும் சௌடையாவும் பாப்பா வெங்கட்ராமய்யாவும் டி. என். கிருஷ்ணனும் பெற்ற சங்கீத கலாநிதிப் பட்டம் அவர் பெயரோடு சேரவே இல்லை. 2023-இல் அது அவருடைய மாணவி பாம்பே ஜெயஸ்ரீக்குக் கிடைத்தது.

பட்டம் போகட்டும். இனிச் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அவருடைய தனிக் கச்சேரிகளுக்கும் இசைத்தட்டுகளுக்கும் பட்டியல் போடுவது சுலபம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த நூற்றுக்கணக்கான கச்சேரிகளோ பாடகர்களின் பெயரில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன, வானொலி நிலையத்திலும், சபாக்களின் அலமாரிகளிலும், ரசிகர்கள் வீட்டு ஒலிநாடாச் சுருள்களிலும். எந்த ஆண்டு, எந்த ஊர், யாருக்கு, என்ன ராகத்துக்கு வயலின் என்ன பதில் சொன்னது என்று ஒருவர் பொறுமையாகக் குறித்துவைத்தால்தான் அவருடைய கலை வளர்ந்த கதையை முழுமையாக எழுத முடியும். அந்த நாடாக்கள் பழையவை. அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சுருள் இருந்தால், அதைக் கணினிக்கு மாற்றும்போது உறையில் பாடகர் பெயருக்குக் கீழே வயலின் வாசித்தவர் பெயரையும் எழுதிவையுங்கள்.